கட்டணமும் விலக்கும்: குலசேகரன்பட்டினக் கரையில் வண்டிப்பேட்டை முதல் வாகன நிறுத்துமிடம் வரை

ஒரு கட்டணத்தின் வரலாற்றை அறிய வேண்டுமானால், அதைச் செலுத்தியவர்கள் யார் என்பதோடு, அதைச் செலுத்தாமல் கடந்து செல்லும் உரிமை பெற்றிருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள குலசேகரன்பட்டினம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். துறைமுகச் சுங்கம், முத்துக்குளிப்பில் அரசின் பங்கு, உப்பு வரி, சாலைச் சுங்கம், வண்டிப்பேட்டைக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் எனப் பல காலத்துத் தண்டல்களை இக்கரை கண்டுள்ளது. அவற்றுள் பலவற்றில் சிலருக்கு விலக்கு இருந்தது. ஆனால் அவ்விலக்கு நெடுங்காலம் வலியவர்க்கே உரியதாக இருந்தது. தேவை உள்ளவருக்கே விலக்கு என்னும் கொள்கை மிக அண்மைக் காலத்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தாமே ஓட்டி வரும் வண்டிக்குக் கேட்கப்படும் நிறுத்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிடும் உரிமை இவ்வரலாற்றின் கடைசி அதிகாரமாக அமைகிறது. சட்டம் தந்த பாதுகாப்பு வாயிலில் நிற்பவர் கைக்கு வந்து சேராமைக்கு, கட்டணம் கேட்பவரின் இரக்கமின்மையைக் காட்டிலும், தண்டும் உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறையே முதன்மைக் காரணம் என்பதை அந்த நீண்ட வரலாறு தெளிவாக்குகிறது.

முத்துக்கரையின் பழைய தண்டல்கள்

குலசேகரன்பட்டினத்தின் பெயர், 1268-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது. அம்மன்னன் காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றி எழுதிய குறிப்பு, தண்டல் முறையை ஓரளவு விரிவாகவே காட்டுகிறது. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்குச் சென்றது. இருபதில் ஒரு பங்கு, குளியாட்களைச் சுறாமீன் தீண்டாதபடி மந்திரத்தால் கடலைக் கட்டுவோருக்குச் சென்றது. 'கடல்கட்டி' என்று பிற்காலத்தில் வழங்கப்பட்ட இவர்கள் ஆங்கிலேயர் காலத்திலும் சலாபம் தோறும், அதாவது முத்துக்குளிப்புப் பருவந்தோறும், தமக்குரிய பங்கைப் பெற்று வந்தனர். கட்டணம் என்பது ஏதேனும் ஒரு சேவைக்கு ஈடாகத் தரப்படுவது, வரி என்பது ஆட்சியாளருக்குத் தரப்படுவது என்ற வேறுபாடு இவ்விரு பங்குகளிலேயே தெரிகிறது. பிற்கால நீதிமன்றங்கள் வாகனக் கட்டணங்களை ஆராய்ந்தபோதும் இவ்வேறுபாட்டையே அளவுகோலாகக் கொண்டன.

சுங்கம் அனைத்தையும் நீக்கிய ஆட்சியும் தமிழ் வரலாற்றில் உண்டு. 1070 முதல் சோழ நாட்டை ஆண்ட முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான நீக்கம் வேறு, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தரப்படும் விலக்கு வேறு. இரண்டாவது வகை விலக்கு எவ்வாறு பகிரப்பட்டது என்பதை 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் முத்துக்குளிப்பு ஏற்பாடு காட்டுகிறது. குளியாள் கடலடிக்கு விரைந்து இறங்குவதற்காகக் காலால் பற்றிக்கொள்ளும் கருங்கல்லே அன்று வரியின் அலகு. இரு குளியாட்கள் மாறி மாறி இறங்க ஒரு கல் பயன்பட்டது, ஒரு தோணியில் எத்தனை கல் என்ற கணக்கில் தண்டல் நடந்தது. இக்கற்களுள் ஒரு பகுதி வரியின்றி இறக்கப்படும் இலவசக் கற்களாகும். அவற்றை உடைமையாகப் பெற்றவர்கள் மதுரை நாயக்க மன்னரும், இராமநாதபுரம் சேதுபதியும், பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த் தலைவர்களும் ஆவர். மூச்சடக்கி மூழ்கிக் காதும் நெஞ்சும் பழுதுபட்ட குளியாளுக்கென்று அப்பட்டியலில் ஒரு கல்லும் ஒதுக்கப்படவில்லை. விலக்கு அன்று மரியாதையின் அடையாளமாக இருந்ததே அன்றித் தேவைக்கு இரங்கியதாக இருக்கவில்லை.

ஆயினும் எழுத்தால் முறையிட்டு ஒரு தண்டலின் போக்கை மாற்றிய நிகழ்ச்சியும் இதே கரையில் பதிவாகியுள்ளது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே அருகிலுள்ள மணப்பாட்டில் இன்றும் போற்றப்படும் குகையோடு பெயர் இணைந்த பிரான்சிஸ் சவேரியார், 1542-இல் இக்கரைக்கு வந்தார். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்கரைப் பரதவரிடம் அப்போது ஆண்டுதோறும் ஒரு தொகை பெறப்பட்டு வந்தது. அத்தொகையைச் சிறுவர்க்குச் சமயக் கல்வி கற்பிப்போரின் ஊதியத்துக்குத் தருமாறு சவேரியார் அரசிக்கு எழுதிக் கேட்டுப் பெற்றார். தண்டல் நின்றுவிடவில்லை என்றாலும், அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வி எழுப்பப்பட்டதும், அதற்கு விடை கிடைத்ததும் குறிப்பிடத்தக்கவை. எனினும் கடல் கடந்து அரண்மனை வரை எட்டும் குரல் ஒரு துறவிக்கு இருந்ததே தவிர, பணம் செலுத்திய பரதவருக்கு இல்லை.

குத்தகை என்னும் ஏற்பாடு

அரசோ ஊராட்சியோ தான் பெற வேண்டிய தொகையைத் தானே தண்டாமல், அத்தண்டும் உரிமையை ஏலத்தில் விட்டு, உச்ச ஏலதாரரிடம் மொத்தத் தொகையை முன்னதாகவோ தவணையாகவோ பெற்றுக்கொள்வது குத்தகை எனப்படும். இம்முறையில் அரசின் வருவாய் உறுதியாகிறது. ஆனால் செலுத்துவோருக்கும் அரசுக்கும் நடுவே, கட்டிய பணத்தைக் குறித்த காலத்துக்குள் மீட்டாக வேண்டிய ஒருவர் வந்து நிற்கிறார். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கரையைப் பெற்ற பின், 1796 முதல் 1798 வரை முத்துச் சலாபங்களைக் குத்தகைக்கு விட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டு அளவுக்கு மீறிக் குளித்தெடுக்கப்பட்டதால் முத்துப் பார்கள் வறண்டன. அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்து சென்ற தண்டல்காரர்களின் கெடுபிடி 1797-இல் இலங்கையில் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. குத்தகைதாரருக்கு நாளைய விளைச்சலில் பங்கில்லை, செலுத்துவோரின் நிலையை எண்ணிப் பார்க்கும் கடமையும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. எனவே இரண்டும் புறக்கணிக்கப்பட்டன.

இக்குத்தகை முறை கடலிலிருந்து சாலைக்கும் பரவியது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்த பின் சிறு துறைமுகங்களின் வாணிகம் படிப்படியாக அங்கே சென்று குவிந்தது. குலசேகரன்பட்டினத்தில், அக்கம்பக்கப் பனங்காடுகளை நம்பிப் பாரி நிறுவனத்தார் நடத்திய சர்க்கரை ஆலைக்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு குறும்பாதை ரயில் ஓடிற்று. அதுவும் 1940-இல் நின்றது. ரயில் எட்டாத தேரிக்காட்டு ஊர்களிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டு வண்டிகளிலேயே சந்தைக்குச் சென்றன. வண்டி சென்ற வழியில் சாலைச் சுங்கம் இருந்தது. வண்டி நின்ற இடத்தில் வண்டிப்பேட்டைக் கட்டணம் இருந்தது.

வண்டிப்பேட்டை என்பது சந்தைக்கும் கோயிலுக்கும் வரும் வண்டிகள் மாட்டை அவிழ்த்துவிட்டு நிற்பதற்கென ஒதுக்கப்பட்ட வெளியாகும். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் வண்டிக்காரருக்கு நிழலும் அங்கே எதிர்பார்க்கப்பட்டன. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதனை விரிவாகவே ஒழுங்குபடுத்தியது. நகராட்சி வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் பெறலாம். தனியார் வண்டிப்பேட்டை நடத்த விரும்பினால் நகராட்சியின் உரிமம் பெற வேண்டும். கேட்ட கட்டணத்தை வண்டிக்காரர் தராவிட்டால், அத்தொகைக்கு ஈடாக வண்டியின் துணைப்பொருள்களையோ சுமையில் ஒரு பகுதியையோ தண்டல்காரர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வண்டிப்பேட்டை என்னும் சொல் மோட்டார் வாகனங்கள் நிற்கும் இடத்தையும் குறிக்கும் என்று பின்னர்ச் சேர்க்கப்பட்ட விளக்கம், மாட்டு வண்டிக்கான சட்டத்தை அப்படியே மோட்டார் காலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஊராட்சிகளுக்கான சட்டங்களிலும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. இன்று சந்தைத் திடலிலும் கோயில் வாயிலிலும் சீட்டுக் கிழிப்பவர் கேட்கும் தொகையின் சட்ட வேர் இந்த வண்டிப்பேட்டையில் உள்ளது. தனியாருக்கு உரிமம் கட்டாயம் என்ற நிபந்தனையும் அதே வேரிலிருந்து வருவதே. தனியார் நிறுத்துமிடம் என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது என்ற எண்ணத்துக்கு இந்நாட்டுச் சட்ட மரபு தொடக்கத்திலிருந்தே இடம் தரவில்லை.

மோட்டாரும் ஓட்டுநரும்

மாட்டு வண்டிக் காலத்தில் நடக்க இயலாதவர் வண்டியில் ஏற்றி அழைத்துவரப்பட்டார். அவரை ஏற்றுவதும் இறக்குவதும் உறவினரின் பொறுப்பு. ஆகவே வண்டிப்பேட்டைச் சட்டத்தில் அவரைப் பற்றிய பேச்சே எழவில்லை. கால் இயங்காதவரும் கையால் ஓட்டக்கூடிய வண்டி வந்த பிறகே, ஊனமுற்றவர் ஒருவர் ஓட்டுநராகவும் கட்டணம் செலுத்துபவராகவும் தனித்து வந்து நிற்கும் நிலை உருவாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1931-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம், உள்ளாட்சிகள் ஆங்காங்கே மோட்டார் வாகனங்களிடம் பெற்று வந்த சுங்கங்களை நீக்கி, மாகாணம் முழுமைக்கும் ஒரே வரியை ஏற்படுத்தி, உள்ளாட்சிகளுக்கு இழப்பீடு வழங்க வகை செய்தது. 1939-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், உடல் குறைபாடு உடையவர் பயன்படுத்தும் வண்டியைத் தனி வகையாக அறிமுகப்படுத்தியது. ஆனால் அதன் இலக்கணம் மிகக் குறுகியது. ஊனமுற்றவருக்கெனவே வடிவமைத்துக் கட்டப்பட்டதாக அவ்வண்டி இருக்க வேண்டும். சாதாரண வண்டியை மாற்றியமைத்தால் மட்டும் போதாது என்று சட்டமே எழுதிவைத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விலக்கணத்தைத் தொடர்ந்தது.

இக்குறுகிய இலக்கணம் நடைமுறையில் என்ன செய்தது என்பதைத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்தில் காணலாம். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், ஊனமுற்றவரின் பயன்பாட்டுக்கெனச் சிறப்பாக வடிவமைத்துக் கட்டப்பட்ட வாகனத்துக்குச் சுங்கச்சாவடிக் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்தன. இந்தியாவிலோ பெரும்பாலான மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவது, கடையில் வாங்கிய சாதாரணக் காரில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் கருவியைப் பொருத்திய வண்டியாகும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்வோர் வாகைக்குளம் சாவடியையும், மதுரைக்குச் செல்வோர் புதூர்பாண்டியாபுரம் சாவடியையும் கடக்க வேண்டும். அங்கே விலக்குக் கேட்பவரின் பதிவுச் சான்றில் உரிய வகை எழுதப்படாவிட்டால், கைக்கருவி கண்ணெதிரே இருந்தும் பயனில்லை. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இக்குறையைக் களைந்தது: பழைய இலக்கணத்தை நீக்கி, சிறப்பாகக் கட்டப்பட்டதும், முறைப்படி மாற்றியமைக்கப்பட்டதும் ஆகிய இரண்டையும் 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்னும் ஒரே வகையில் அடக்கியது. 2020 அக்டோபரில் வாகனப் பதிவுப் படிவமும் திருத்தப்பட்டு, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்கத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. வாயிலில் வாய்மொழியாக வாதாட வேண்டியிருந்த ஒரு செய்தி அப்போதுதான் ஆவணத்தில் ஏறியது.

தென் மாவட்டச் சாலைகளில் காரைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுவது, பின்சக்கரத்தின் இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டராகும். தமிழ்நாடு அரசு தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வண்டியை விலையின்றி வழங்கி வருகிறது. இரு சக்கர வாகனங்கள் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துவதில்லை என்பதால் இவர்களின் சிக்கல் நெடுஞ்சாலையில் தோன்றுவதில்லை, நிறுத்துமிடத்தில் தோன்றுகிறது. கயிறு கட்டியோ சுண்ணாம்புக்கோடு போட்டோ நெருக்கமாகப் பிரிக்கப்பட்ட இரு சக்கர வரிசைக்குள் இவ்வண்டியின் அகலம் அடங்காது. வரிசைக்குள் தள்ளி நுழைத்தாலும், ஊன்றுகோலை எடுத்து ஊன்றி இறங்கப் பக்கத்தில் இடம் இராது. கடைசி மூலையில் நிறுத்தினால் அங்கிருந்து வாயில்வரை நடப்பதே அவருக்கு இயலாத செயல். கட்டணப் பலகையில் சைக்கிள், இரு சக்கர வாகனம், ஆட்டோ, கார், வேன், பேருந்து என்று எழுதப்பட்டிருக்கும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதற்கு அப்பலகையில் விடை இராது. விடை இல்லாத இடத்தில் முடிவு, குத்தகைதாரரின் ஆள் வாய்க்கு விடப்படுகிறது.

சட்டம் தருவதும் தராததும்

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இந்தியாவில் இவ்வுரிமைகளுக்கு முதல் அடித்தளமிட்டது. அதற்குப் பதிலாக வந்து 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வாகன நிறுத்துமிடம் உள்ளிட்ட வசதிகள் அணுகல் தரத்தோடு அமைய வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. பொதுமக்கள் வந்து செல்லும் கட்டடம் அரசுடையதாயினும் தனியாருடையதாயினும் பொதுக் கட்டடமே என்று இச்சட்டம் வரையறுப்பதும், சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்று விதிப்பதும் நிறுத்துமிட வழக்குகளுக்கு மிக இன்றியமையாதவை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இன்னும் நுட்பமாக அளவைத் தருகிறது: மாற்றுத்திறனாளிக்கான நிறுத்தக் கட்டம் 3.6 மீட்டர் அகலமும், கட்டட வாயிலிலிருந்து 30 மீட்டருக்கு மிகாத தொலைவும் கொண்டதாக இருக்க வேண்டும். அந்த அகலம், சக்கர நாற்காலியைக் கார்க் கதவின் அருகே கொண்டுவந்து உடலை அதில் மாற்றிக்கொள்ளத் தேவைப்படும் இடம். அந்தத் தொலைவு, ஊன்றுகோலில் வருபவர் இளைப்பாறாமல் கடக்கத்தக்க எல்லை.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறுத்தக் கட்டணத்துக்கு விலக்கு என்ற சொல் எங்கும் இல்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். நெடுஞ்சாலைக்கு மைய விதி உண்டு. தனியார் நிறுத்துமிடத்துக்கு அத்தகைய பொது விதி இல்லை. ஆயினும் சட்டம் தரும் வேறொரு கருத்து அவ்விடத்தை நிரப்புகிறது. 'நியாயமான தகவமைப்பு' எனப்படும் அக்கருத்தின்படி, பிறரோடு ஒப்ப ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்காக, அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத மாற்றத்தைச் செய்து தருவது கடமையாகும். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கிய கட்டத்தைப் பிற வண்டிகள் அடைத்துக்கொண்டதால் தொலைவில் நிறுத்த நேர்ந்தவரிடமும், ஏறி இறங்கவே கூடுதல் நேரம் பிடித்ததால் அடுத்த மணிநேரக் கட்டணத்துக்குள் தள்ளப்பட்டவரிடமும் கேட்கப்படும் மிகைத்தொகையை எதிர்ப்பதற்கு இக்கருத்தே உறுதியான வாதமாகும். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வழிகாட்டுதல்களைப் பரிந்துரை அளவில் நிறுத்திய விதியைச் செல்லாது என அறிவித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. இனி அணுகல் வசதி நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்ட செய்தியாக இல்லை.

கட்டணம் வேறு, தண்டம் வேறு என்பதும் அறியத்தக்கது. அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பு சட்ட அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது. அதுபோலவே அபராதம் விதிக்கும் அதிகாரமும் சட்டத்தால் மட்டுமே வரும். தனியார் நிறுத்துமிடத்தார்க்கும் வண்டி நிறுத்துவோர்க்கும் இடையே இருப்பது ஒப்பந்த உறவு. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று பலகையில் எழுதியிருந்தாலும், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழங்குவது அவ்வளவுக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே. பிரிட்டனில் நிலை வேறு. அங்கே தனியார் நிறுத்துமிடத்தில் நேரம் கடந்து நின்ற வண்டிக்கு விதிக்கப்பட்ட 85 பவுண்டுத் தொகையை 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட நீல அட்டை, பொதுச் சாலையில் மாற்றுத்திறனாளிக்குச் சலுகை தருகிறதே அன்றித் தனியார் நிலத்தில் தானாகச் செல்லுபடியாவதில்லை. அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கூறும் நியாயமான மாற்றம் என்னும் கடமையைக் காட்டியே முறையிட வேண்டியுள்ளது. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்று அங்கே வாழும் தமிழர்க்கும், இங்குள்ளவர்க்கும் சட்டங்கள் வேறாயினும் இறுதியில் கைகொடுக்கும் கருத்து ஒன்றாகவே இருக்கிறது.

இந்தியாவில் தனியார் நிறுத்தக் கட்டணத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கிய தீர்ப்புகளும் அரசாணைகளும் உண்டு. 2018 மார்ச்சில் தெலங்கானா அரசு, வணிக வளாகங்களில் முதல் 30 நிமிடத்துக்குக் கட்டணம் கூடாது என ஆணையிட்டது. 2019 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றம், கட்டட அனுமதியின் நிபந்தனையாக ஒதுக்கப்பட்ட இடத்துக்கு வணிக வளாகங்கள் கட்டணம் பெற அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தங்கும் விடுதி வழக்கில், ஒப்படைக்கப்பட்ட வண்டி காணாமற்போனால், வண்டி உரிமையாளரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது எனச் சீட்டில் அச்சடித்திருந்தாலும், அதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று கூறியது. சீட்டில் அச்சடித்ததெல்லாம் சட்டமாகிவிடாது என்பதே இத்தீர்ப்பு தரும் பாடம்.

முறையிடும் வழிகள்

1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினத்தில் உப்பளம் தாக்கப்பட்டு, லோன் என்னும் உப்புத்துறை அலுவலர் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இளைஞர்களுக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டது. ஆட்சியின் தண்டலை எதிர்க்க முறையான மன்றம் எதுவும் நம்பத்தக்கதாக இல்லாத காலத்தில் ஓர் ஊர் கொடுத்த விலை அது. இன்று மன்றங்கள் உள்ளன. அவற்றை அறிந்து பயன்படுத்துவது குடிமையின் வளர்ச்சியாகும்.

முறையீட்டின் முதற்படி ஆவணம். கட்டணச் சீட்டு, கட்டணப் பலகையின் படம், ஒதுக்கிய கட்டம் இல்லாததையோ பிற வண்டிகளால் அடைபட்டதையோ காட்டும் படம், பதிவுச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவை வேண்டும். நிறுத்துமிடம் உள்ளாட்சிக்கோ கோயிலுக்கோ உரியதானால், குத்தகை ஒப்பந்தத்தின் படியையும் நிர்ணயித்த கட்டணத்தையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம். கேட்ட தொகைக்கும் நிர்ணயித்த தொகைக்கும் இடையே வேறுபாடு இருந்தால் அதுவே தலைசிறந்த சான்றாகும். அடுத்து, கோயிலின் செயல் அலுவலரிடமோ ஊராட்சியிடமோ எழுத்தால் முறையிட்டு ஒப்புகை பெற வேண்டும். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அருகிலுள்ள வாயில்கள்.

அதற்கு மேல், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய மாநில ஆணையரிடம் முறையிடலாம். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் சில உண்டு. அவருடைய பரிந்துரையின் மீது எடுத்த நடவடிக்கையை உரிய அதிகாரி மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறுவோர்க்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் பெற்றுச் சேவை தருபவர் மீது நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்ய வகை செய்தது; பயணமே இடராக உள்ளவர்க்கு இது சிறு சலுகை அன்று. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் தாக்கல் கட்டணமும் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும் என்பது மட்டும் மறக்கலாகாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளி தம் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுடையவர். பொதுச் சிக்கலாக விரிந்தால், 2004 முதல் மதுரையில் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையை அணுகலாம்.

இவ்வளவு வழிகளும் இருபது ரூபாய்க்காகவா என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தொகை சிறிதாக இருப்பதே இவ்வநீதி நீடிப்பதற்குக் காரணம். ஒவ்வொருவரும் சிறு தொகைதானே என்று கொடுத்துவிட்டுப் போக, குத்தகைதாரர் அச்சிறு தொகைகளின் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டே அடுத்த ஏலத்தில் தொகை கேட்கிறார்.

விலக்கு எழுதப்பட வேண்டிய இடம்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா, பத்து நாள் விழா. காப்புக் கட்டி, வேடம் புனைந்து, காணிக்கை பெற்று வரும் பக்தர்கள் சூரசம்ஹார இரவில் கடற்கரையில் பெருந்திரளாகக் கூடுகின்றனர். நோய் தீர வேண்டியும், உடல்நலம் பெற்றதற்கு நன்றியாகவும் நேர்ந்துகொண்டு வருவோர் அவர்களுள் பலர். அந்நாள்களில் நெரிசலைத் தவிர்க்க ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்துமிடங்கள் அமைக்கப்படுகின்றன; மணலிலும் தூசியிலும் அங்கிருந்து கோயில்வரை நடந்தாக வேண்டிய தொலைவு, உடலுரம் உள்ளவர்க்கே சோர்வு தருவது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் இயங்கத் தொடங்கும்போது ஊருக்கு வரும் வண்டிகள் இன்னும் பெருகும். புதிதாக அமையும் ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் ஏல அறிவிப்பும் ஒப்பந்தமும் எழுதப்படும் வேளையே திருத்தம் செய்யத்தக்க வேளையாகும்.

உள்ளாட்சியோ கோயிலோ ஏல அறிவிப்பில் குறைந்தபட்ச ஏலத்தொகையையும், வைப்புத்தொகையையும், குத்தகைக் காலத்தையும் விளக்கமாக எழுதுகிறது. கோயில்களில் இக்காலம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான பசலி ஆண்டாக அமைவது வழக்கம். இவற்றோடு நான்கு நிபந்தனைகளை எழுதினால் போதும். மாற்றுத்திறனாளியின் தகவமைக்கப்பட்ட வாகனத்துக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கும் கட்டணம் இல்லை. வாயிலுக்கு அருகே உரிய அகலத்தில் இத்தனை கட்டங்கள் காலியாக வைக்கப்படும். இவ்விரண்டும் கட்டணப் பலகையில் மற்றக் கட்டணங்களுக்கு இணையான எழுத்தில் இடம்பெறும். மீறினால் வைப்புத்தொகையிலிருந்து பிடித்தம் செய்யப்படும். ஏலம் கேட்பவர் இந்நிபந்தனையைக் கணக்கில் கொண்டே தொகை கேட்பாராதலால், விலக்கு அவருக்கு இழப்பாகாது; வாயிலில் நிற்கும் கூலியாளும் தன் முதலாளியின் நட்டத்துக்கு அஞ்சி வழிமறிக்க வேண்டியதில்லை. விலக்கின் செலவை அதை ஏற்கக் கடமைப்பட்ட பொது நிறுவனமே ஏற்கிறது; எல்லோருக்கும் பொதுவான பணம் அதற்கே உரியது. தனியார் வளாகங்களில் கட்டட அனுமதியிலும் நிறுத்துமிட உரிமத்திலும் இதே நிபந்தனைகளைச் சேர்க்கத் தடை ஏதும் இல்லை.

டச்சுக்காரர் காலத்தில் இலவசக் கற்கள் மதிக்கப்பட்டன. காரணம், யாருக்கு எத்தனை கல் என்பது கணக்கேட்டில் எழுதப்பட்டிருந்தது, எழுதப்பட்டதைக் கேட்டுப் பெறும் வலிமையும் அவற்றின் உடைமையாளருக்கு இருந்தது. மாற்றுத்திறனாளிக்கு இன்று சட்டத்தின் வலிமை இருக்கிறது. ஏல ஏட்டில் எழுத்து மட்டும் இன்னும் ஏறவில்லை. அது ஏறும்வரை ஒவ்வொரு தனி முறையீடும் அவ்வெழுத்தைக் கோரும் மனுவாகவே கருதப்பட வேண்டும். அது ஏறிய பின் வாயிலில் யாரும் யாரிடமும் தயவு கேட்க வேண்டிய தேவை இராது.